நாற்பத்திரண்டு நிலா

கப்பல் கம்பெனி அனுப்பிய மருந்து அறிவிப்புப் படிவம் பதினோரு பக்கம் இருந்தது. லேத்துக்காரர் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து நிரப்பினார்.

நாற்பது வருடம் லேத்துப் பட்டறையில் இரும்பைக் கடைந்தவர் அவர். முடியளவு பிசகினாலும் அந்தத் துண்டைத் தூக்கித் தகரத் தொட்டியில் எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவர் கையில் பதினோரு பக்கம் கிடைத்தால் கேட்கவா வேண்டும். ஒவ்வொரு விதியையும் இரண்டு தரம் படித்தார். புரியாததைச் சிவப்பில் அடிக்கோடிட்டார். கம்பெனிக்குப் போன் போட்டு விளக்கம் கேட்டார். போன் போட்டுக் கொடுத்தது அவர் மனைவி. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் டெலிபோன் அம்மா.

ஏழு நாள் கப்பலில் போய் வருவது அவருடைய ஆசை. அவளுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். ஆனாலும் மனிதர் வாழ்நாளில் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்பதால் தலையாட்டி வைத்தாள்.

படிவத்தில் முக்கியமான விதி ஆறாம் பக்கத்தில் இருந்தது. பயணம் ஏழு நாள் என்றால், எதிர்பாராத தாமதத்தை முன்னிட்டு மேலும் பதினான்கு நாளுக்கு மருந்து கொண்டுவர வேண்டும். அவருக்கு இதய மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவளுக்கு வலிப்பு மாத்திரை, அதுவும் அப்படியே. ஆக ஆளுக்கு நாற்பத்திரண்டு. குறைந்தால் குறை, கூடினால் குற்றம். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, முத்திரை ஒட்டி, புறப்படுவதற்கு முப்பது நாள் முன்பே படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

"மருந்துக்கடையில மாசத்துக்கு மாசம் எண்ணித்தானே குடுக்கறான். மேக்கொண்டு எங்க போறது?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ சும்மா இரு."

அவர் ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்றால் அதில் ஓட்டை இருக்காது. அவளும் சும்மா இருந்தாள்.

பையை ஒட்டிப் படம் அனுப்பியது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்தார். டாக்டர் வந்து பார்த்தபோது ஒரு கன்னத்தில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை.

மறுநாள் மகள் கம்பெனிக்குத் தகவல் சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள்.

"ஆழ்ந்த அனுதாபங்கள் மேடம். ஆனா பேர் நீக்கறதுக்கு முப்பது நாள் முன்னாடி எழுதித் தரணும். இப்ப இருபத்தஞ்சுதான் இருக்கு."

"அப்பா இறந்ததே நேத்துதாங்க."

"அதான் சொல்றேன். நாலு நாள் தள்ளிப் போச்சு. திங்கட்கிழமையே நடந்திருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

அவரை நீக்காவிட்டால், படத்தில் உள்ளபடி பையும் முத்திரை கலையாமல் வர வேண்டும். அதிலிருந்து அவருடைய மருந்தை மட்டும் எடுத்துவிட்டால் இருவருடைய மருந்துக்கான அனுமதியும் ரத்து. இதையும் அந்தப் பெண் தன்மையாகவே சொன்னாள்.

"அப்பா ஆசைப்பட்டதும்மா. நீயாவது போய்ட்டு வா," என்றாள் மகள். டெலிபோன் அம்மா போவதற்குக் காரணம் வேறு. வீட்டில் தினமும் காலை ஏழு மணிக்கு, குளியலறைத் தொட்டி விளிம்பில் சவரக்கத்தியைத் தட்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. டக், டக், கொஞ்சம் விட்டு இன்னொரு டக். எழுந்து போய்ப் பார்த்தால் தொட்டி உலர்ந்து கிடக்கும். அவர் கால் படாத ஓரிடத்தில் ஏழு நாளாவது இருந்துவிட்டு வரலாம் என்று நினைத்தாள்.

துறைமுகத்தில் மருந்துப் பரிசோதனைக்கென்று தனிக் கூடமே இருந்தது. வாசலில், "உங்கள் ஆரோக்கியமே எங்கள் மூச்சு" என்று பெரிய பலகை. அதற்கு நேர் கீழே ஒரு கிழவர், ஆக்சிஜன் உருளைக்கு அனுமதிச் சீட்டு இல்லாததால் ஓரமாக நிறுத்தப்பட்டு, மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார்.

வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவர் பூட்டுக் கடை வைத்திருந்து மூடிவிட்டவர். மனைவியுடன் வந்திருந்தார். சர்க்கரை மாத்திரையில் ஐந்து குறைந்தது.

"ரெண்டு நாள் ரயில்ல வந்தோம் சார். நேரத்துக்கு நேரம் போட்டுக்கிட்டேன்," என்றார் பூட்டுக்காரர்.

மருந்துப் பாதுகாப்பு அதிகாரி மாத்திரையைப் பிடித்து எண்ணும் சாமணத்தைக் கீழே வைத்தார்.

"மாத்திரையச் சாப்பிட்டுட்டீங்களா?"

"ஆமா சார்."

"கணக்குக் காட்ட வேண்டிய மாத்திரைய?"

பூட்டுக்காரர் தலைகுனிந்தார். அவர் கையில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டினார்கள். அதில் 'குறை' என்று அச்சடித்திருந்தது. பயணம் முடியும்வரை கழற்றக் கூடாது.

அடுத்து டெலிபோன் அம்மாவின் பை. அதிகாரி கையுறையைச் சரிசெய்துகொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் முத்திரையைக் கிழித்து எண்ணத் தொடங்கினார். அவர் உதடு அசைவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. எண்ணி முடித்தார். மறுபடி எண்ணினார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு. எட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு குடும்பத்துல ரெண்டு பேருக்கும் சரியா இருந்து நான் பார்த்ததில்ல. சார் எங்க?"

"அவர் தவறிட்டாருங்க."

"எங்க தவறிட்டாரு? கூட்டத்துலயா? மைக்ல கூப்பிடச் சொல்லவா?"

"இல்லீங்க. இறந்துட்டாரு."

அதிகாரி கணினியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார்.

"இதுல இருக்காரே."

அவள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மருந்து வந்திருக்கு மேடம். மருந்து இருந்தா நோயாளி இருக்கணும். நோயாளி இல்லாம மருந்து மட்டும் வந்தா அதுக்குப் பேரு கடத்தல். உங்களைப் பார்த்தா அப்படித் தெரியல."

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. "சரி, இருக்கார்னு வெச்சுக்குங்க," என்றாள்.

"வெச்சுக்கறதெல்லாம் இல்ல மேடம். இருக்கார்," என்று அதிகாரி முத்திரை குத்தினார்.

அறை எண் நான்காயிரத்து நூற்றுப் பதினேழு. உள்ளே போனவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டு துண்டு, இரண்டு பல் துலக்கி, இரண்டு உயிர்காப்புச் சட்டை. கட்டிலின் வலப்பக்கம் பெரிய அளவில் ஒரு ஜோடி துணிச் செருப்பு. அவர் எப்போதும் படுக்கும் பக்கம். அதைத் தூக்கி அலமாரியில் போட்டு மூடினாள். மாலையில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பியபோது, அறையைச் சுத்தம் செய்கிறவன் செருப்பை எடுத்துக் கட்டிலோரம் பழையபடி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒன்று லேசாகத் திரும்பி, யாரோ அப்போதுதான் கழற்றிவிட்டது மாதிரி இருந்தது.

மாலை ஆறு மணிக்கு இரண்டாம் தளத்தில் மருந்துச் சாளரம் திறந்தது. மருந்தையெல்லாம் கப்பலே பூட்டி வைத்து வேளைக்கு வேளை கொடுக்கும். நர்ஸ் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

"நாலு ஒண்ணு ஒண்ணு ஏழு. குடும்பத் தலைவர்."

அவள் போய் நின்றாள்.

"நீங்க சார்ந்திருப்பவர்மா. முதல்ல தலைவர் போட்டுக்கணும். அவர் கையெழுத்துப் போட்டாத்தான் சார்ந்திருப்பவர் மாத்திரையக் குடுக்க முடியும்."

"அவர் வர மாட்டாரும்மா."

"மருந்து வேணாங்கறாரா?"

"அவருக்கு இனிமே வேணாம்."

"மறுப்பு," என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். "அப்ப உங்களுக்கும் இப்போதைக்கு இல்லம்மா. நான் என்ன பண்ணட்டும், சாவி என்கிட்ட இருக்கு, அனுமதி என்கிட்ட இல்ல."

மறுநாள் காலையிலும் அதே கூப்பாடு, அதே பதில். இரண்டு வேளை தவறிவிட்டது. பதினோரு மணி வாக்கில் டெலிபோன் அம்மாவின் நாக்கில் இரும்பை நக்கினாற்போல ஒரு ருசி வந்தது. அந்த ருசியை அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் அது வந்த ஒரு நாளைக்குள் வலிப்பு வரும். அப்போது லேத்துக்காரர் பட்டறைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவள் கட்டிலில் உட்கார்ந்து விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. மறுப்பு நோயாளிகள் ஆலோசகர். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே வந்தவர் நாற்காலியை இழுத்து, கட்டிலின் வலப்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களைக் கட்டாயப்படுத்த நான் வரல. மருந்து வேணாம்னு சொல்றது கோபம் இல்ல, பயம். அது எனக்குப் புரியுது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? வீட்டுக்காரம்மா முன்னாடி ஆம்பளைங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க."

அவள் நடைவழியில் போய் நின்றாள். கதவுக்கு அப்பால் ஆலோசகரின் குரல் ஏறி இறங்கியது. ஏதோ கேட்பார். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. "ம், ம்" என்பார். மறுபடி அமைதி. அந்த அமைதிகள் வரவர நீண்டுகொண்டே போயின. தன்னை அறியாமல் அவள் கதவில் காதை வைத்திருந்தாள். முப்பது வருடம் பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பதில்லை என்று பெயரெடுத்தவள், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்காததில் அவளுக்கு ஏனோ ஆத்திரம் வந்தது.

ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ரொம்ப அமைதியானவர். எடுத்துச் சொன்னேன். மறுப்பு எதுவும் சொல்லல. மறுக்கலைன்னா ஒப்புக்கிட்டார்னு எழுதலாம், பதினாலாம் விதி. கையெழுத்து மட்டும் வேணும். உங்க கையால அவர் போடட்டும்."

அவள் பேனாவை வாங்கினாள். கை தானாக அவருடைய எழுத்தைப் போட்டது. கடைசி எழுத்தில் வாலை வளைத்துக் கீழே ஒரு புள்ளி வைப்பாரே, அந்தப் புள்ளிகூட விழுந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சார், அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது.

"அது தொழில் ரகசியம்மா. வெளிய சொல்லக் கூடாது," என்றார் ஆலோசகர்.

அன்றைக்கு மதியமே மாத்திரை கிடைத்தது. இரும்பு ருசி மெல்ல அடங்கியது. அதன் பிறகு ஒரு வழக்கம் உண்டாயிற்று. நர்ஸ் அவருடைய மருந்துத் தட்டைச் சாளரத்துக்கு உள்ளே ஒரு கணம் தூக்கிக் காட்டுவாள். "காட்டப்பட்டது" என்று எழுதுவாள். டெலிபோன் அம்மா அவருக்காகக் கையெழுத்துப் போடுவாள். பிறகு தன் மாத்திரையை வாங்கி விழுங்குவாள். சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை யாரும் உட்காராமல் காத்தார்கள். பரிமாறுகிறவன் அந்தத் தட்டுக்கும் உப்பில்லாத சூப்பை ஊற்றி, ஆறிய பின் எடுத்துக்கொண்டு போவான். "சாருக்கு இன்னிக்கும் பசியில்லையா?" என்று ஒரு நாள் கேட்டான். "இல்லப்பா," என்று அவளும் பதில் சொன்னாள்.

பூட்டுக்காரரும் மனைவியும் பக்கத்து மேசை. மஞ்சள் பட்டை கட்டியவர்களுக்கு மருந்துக்குத் தனி வரிசை, அது எப்போதும் கடைசியில்தான் நகரும். "இந்த வயசுல ஸ்கூல் பிள்ளை மாதிரி பெஞ்சு மேல ஏத்தாத குறைதான் அக்கா," என்று பூட்டுக்காரர் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். பூட்டுக்காரர் பட்டையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி வருவதற்கு, அவர்கள் மகன் இதே கப்பலில் இப்போதே இடம் போட்டிருந்தானாம்.

நான்காம் நாள் காலை, நர்ஸுக்கு யாரோ போன் பண்ணினார்கள். தூக்கிக் காட்டிய தட்டை அவள் சாளரத்துத் திட்டில், விளக்குக்குக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டெலிபோன் அம்மா முதல்முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தாள்.

ஆறு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. இடப்பக்க வரிசைக்கு மேலே சூரியன் படம், காலை மாத்திரை. வலப்பக்கத்தில் நிலா, மாலை மாத்திரை. ஆறு அட்டையிலும் சூரியன் பக்கம் நசுங்கிக் காலியாக இருந்தது. நிலாப் பக்கம் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது.

அவள் விரலால் எண்ணினாள். ஏழாறு நாற்பத்திரண்டு. ஆறு வாரத்து மாலைகள்.

தட்டில் அவளுடைய டப்பாவும் இருந்தது. அதில் ஆஸ்பத்திரி ஒட்டிய சீட்டை இப்போதுதான் வாசித்தாள். "பயணக் கூடுதல் மருந்து. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்."

அந்த ஆறு வாரமும் மாலை ஆறு மணிக்கு அவர் சமையலறைக்குள் போய், டம்ளரில் தண்ணீர் பிடித்து, மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கூடத்தில் இருந்த அவளுக்குக் கேட்கும். மாத்திரை போட்டாச்சா என்பாள். ஆச்சு ஆச்சு என்பார். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "வயசாகுதில்ல" என்று சிரித்ததும் அந்த நாள்களில்தான். பட்டறையில் அளவு சரியாக வரும்வரை இரும்பைச் சீவுகிறவர். இங்கே சீவுவதற்கு அவரிடம் வேறு என்ன இருந்தது.

"என்னம்மா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று நர்ஸ் திரும்பி வந்தாள்.

"இதுல காலை மாத்திரை ஒண்ணுகூட இல்லையேம்மா."

நர்ஸ் பட்டியலைப் பார்த்தாள். "எண்ணிக்கை சரியா இருக்கும்மா."

"சரியாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

இரண்டு நாள் அவள் அறையை விட்டு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே வெளியே வந்தாள். செருப்பை அலமாரியில் வைப்பதை விட்டுவிட்டாள். கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, வலப்பக்கத்தைப் பார்த்து, "ஏன் சொல்லல?" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கேட்பாள். போர்டில் எத்தனையோ இணைப்புக் கொடுத்தவளுக்கு, இந்த முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

ஆறாம் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பாராட்டு விழா. தலைமை மருத்துவ அதிகாரி மார்பு நிறையப் பதக்கங்களுடன் மேடை ஏறினார்.

"அன்பார்ந்த பயணிகளே. சில பேர் சொல்கிறார்கள், நாம் கேட்கிற எண்ணிக்கை அதிகம் என்று. நான் கேட்கிறேன், நாம் யாருக்காகக் கேட்கிறோம்? உங்களுக்காக. கப்பல் தாமதமானால் மருந்தில்லாமல் நீங்கள் செத்துவிடக் கூடாதே என்பதற்காக. இந்தப் பதினைந்து வருடத்தில் நம் கப்பல் ஒரு மணி நேரம்கூடத் தாமதமானதில்லை. அதற்குக் காரணமே இந்த முன்னேற்பாடுதான். இந்தப் பயணத்தில் ஆயிரத்து அறுநூறு பேரில் ஒரே ஒரு குடும்பத் தலைவர் நாற்பத்திரண்டும் குறையாமல் கொண்டுவந்து, இன்றுவரை நாற்பத்திரண்டையும் குறையாமல் வைத்திருக்கிறார். நோயாளி என்றால் இவரல்லவா நோயாளி. உடல்நிலை காரணமாக அவரால் மேடைக்கு வர இயலவில்லை. அவர் துணைவியாரை அழைக்கிறேன்."

கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தை அவள் கையில் கொடுத்து, ஒலிவாங்கியை முன்னால் நகர்த்தினார்கள். அவளுக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. ஆனால் ஒலிவாங்கியில் நிதானமாகப் பேசுவது தொழில்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரை. ஆஸ்பத்திரியில ஒருத்தருக்குத்தான் கூடுதல் மருந்து குடுப்பாங்களாம். அதை எம்பேருக்கு வாங்கிட்டாரு. உங்க எண்ணிக்கைக்காக ஆறு வாரம் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான் போட்டிருக்காரு. மீதியச் சேர்த்து வெச்சிருக்காரு. என்கிட்டகூடச் சொல்லல. பைய ஒட்டின நாலாம் நாள் போய்ட்டாரு. அந்த மாத்திரைதான் உங்க அலமாரியில இருக்கு. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல."

அவள் ஒலிவாங்கியை விட்டு நகர்ந்தாள். முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர். சில பேர் எழுந்து நின்று தட்டினார்கள். தலைமை மருத்துவ அதிகாரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பாதுகாப்பு அதிகாரியிடம் திரும்பினார். ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தார்.

"இதைக் குறிச்சுக்கங்க. ஒரு வேளை மருந்தை மிச்சம் பிடிக்கறது. எல்லாரும் எப்படிச் சேர்க்கறதுன்னு கேக்கறாங்கல்ல, அவங்களுக்கு இது நல்ல வழி. படிவத்துல பன்னிரண்டாம் பக்கமாப் போட்டுடலாம். சேர்த்துட முடியும்னு ஆன பிறகு பதினாலு நாள் எதுக்கு, இருபத்தெட்டுன்னே கேட்டுடலாம்."

"நல்ல யோசனை சார்," என்று பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொண்டார்.

அவள் மேடையை விட்டு இறங்கினாள். தேநீர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வழியில் இரண்டு மூன்று பேர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கண்ணாடிச் சட்டம் கனமாக இருந்தது. எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே வந்தவளின் கண்ணில் பூட்டுக்காரரின் மேசை பட்டது.

மஞ்சள் பட்டைக்காரர்களுக்கு மதிய மருந்து அப்போதுதான் கிடைத்திருந்தது. பூட்டுக்காரர் மாத்திரையை மேசைமேல் வைத்து, ரொட்டி வெட்டும் கத்தியால் சரிபாதியாக அழுத்திக்கொண்டிருந்தார். சாவி வெட்டிப் பழகிய கை. மாத்திரை பொடியாகாமல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார். மற்றதைக் காகிதக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

டெலிபோன் அம்மா அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிச் சட்டத்தைத் தரையில் சாய்த்து வைத்தாள்.

"அதை எடுங்க."

"எதைம்மா?"

"பையில வெச்சதை."

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். "இல்லம்மா, அடுத்த தடவைக்கு இப்பருந்தே கொஞ்சம் கொஞ்சமா… இன்னொரு தடவை இந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு நிக்க முடியாதும்மா. உங்க வீட்டுக்காரர் மாதிரி…"

"எடுங்கண்ணே."

அவள் குரல் உயரவில்லை. பூட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். பாதி மாத்திரை வெள்ளையாக இருந்தது. அவர் மனைவி டம்ளரில் தண்ணீரை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வாயில் போட்டு, மடக் மடக்கென்று குடித்து, டம்ளரை வைத்தார்.

"ஆச்சு ஆச்சு," என்றார்.

டெலிபோன் அம்மா எழுந்திருக்கவில்லை.

"வாயைத் திறங்க."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டுக்காரர் காது மடல் சிவக்க வாயைத் திறந்தார். அவள் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, உள்ளே பார்த்தாள்.

"நாக்கைத் தூக்குங்க," என்றாள்.

அவர் தூக்கினார்.

அடியில் ஒன்றும் இல்லை. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.